பக்கத்து ஃபிளாட் டே கேர்ல மொத்தம் எத்தனை குழந்தைங்க... யார் எண்ணுவது?

26 வார மகப்பேறு விடுப்பு முடியப்போகுது. அங்கன்வாடி நேரம் உங்க ஷிஃப்ட்டுக்கு ஒத்து வராது. அம்மா ஊர்ல இருக்காங்க, மாமியாருக்கு முழங்கால் வலி. அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல கேட்டா உடனே பதில் வருது: 'சி பிளாக்ல ஒரு அக்கா பார்த்துக்கறாங்க, ரொம்ப நல்லவங்க.' பல வீடுகளில் இவ்வளவுதான் விசாரணை.

அந்த அக்கா நிஜமாவே நல்லவங்களா இருக்கலாம். ஆனா, அந்த ரெண்டு பெட்ரூம் வீட்ல அவங்க ஒருத்தரே எத்தனை குழந்தைகளைப் பார்த்துக்கலாம்?

50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும் என்று 2017-ல் மகப்பேறு சலுகைச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2018-ல் காப்பகங்களுக்கான குறைந்தபட்ச வழிகாட்டு நெறிமுறைகளும் வந்தன. வீட்டில் நடக்கும் டே கேருக்கு? நாடு முழுக்கப் பொருந்தும் கட்டாய லைசென்ஸ் என்று ஒன்று இன்னும் இல்லை.

2016-ல் நவி மும்பை கார்கரில், ஒரு காப்பகத்தில் 10 மாதக் குழந்தையைப் பணிப்பெண் அடித்து உதைத்தது சிசிடிவி-யில் தெரியவந்தது. இப்போ டே கேர்னாலே நாம கேட்கிற முதல் கேள்வி 'கேமரா இருக்கா?' தான். அங்கேயும் கேமரா இருந்துச்சு. நடந்ததைக் காட்டுச்சு, தடுக்கலை.

'அப்போ எல்லாரும் லைசென்ஸ் வாங்கணும்னு சட்டம் போட்டுடலாமே?' எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. கட்டடச் சான்று, தீயணைப்புச் சான்று என்று அலையவிட்டால், வாடகை வீட்டில் நாலு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணால் முடியுமா? ஹவுஸ் ஓனரே ஒப்புக்கொள்ள மாட்டார். டே கேர் நிற்காது, கதவுதான் சாத்திக்கொள்ளும். கேட்டா, 'சொந்தக்காரப் பசங்க' என்பார்கள்.

கனடாவின் ஒன்டாரியோ வேறு வழியில் போனது. டொரன்டோவும் ஸ்காபரோவும் இருக்கிற, ஈழத் தமிழர்கள் நிறைய பேர் வாழும் மாகாணம் அது. லைசென்ஸ் இல்லாமலும் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு என்பது அங்கே பழைய விதி. 2013-ல் வான் (Vaughan) நகரில் அப்படி ஒரு டே கேரில், காருக்குள் விடப்பட்ட 2 வயதுக் குழந்தை இறந்துபோனது. வரம்பைவிடப் பல மடங்கு குழந்தைகள் அங்கே இருந்தது அப்புறம்தான் வெளியே வந்தது. இதில் கொடுமை, அந்த இடத்தைப் பற்றி அரசுக்கு முன்பே புகார் போயிருந்தது. ஒழுங்காகப் போய்ப் பார்க்கவில்லை. விசாரித்த மாகாணக் குறைதீர்ப்பாளர் 2014-ல் 113 பரிந்துரைகள் கொடுத்தார்.

2015-ல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டமும் லைசென்ஸ் இல்லாதவர்களைத் தடை செய்யவில்லை. 13 வயதுக்குக் கீழே 5 குழந்தைகள்தான். அவருடைய சொந்தச் சின்னக் குழந்தைகளும் கணக்கில் சேர்த்தி. மீறினால் 2,50,000 டாலர் வரை அபராதம். எனக்குப் பிடித்தது இன்னொன்று: 'இது அரசு லைசென்ஸ் பெற்றது அல்ல' என்று பெற்றோரிடம் அவர் எழுத்துபூர்வமாகச் சொல்லியே ஆக வேண்டும்.

இங்கேயும் அந்த அளவுக்குத் தொடங்கலாம். இலவசப் பதிவு, எண்ணிக்கை வரம்பு, சொல்லாமல் வந்து பார்க்கும் ஓர் ஆள். மூன்றாவதுதான் கஷ்டம், அதற்குச் சம்பளம் கொடுக்கணும். அந்த ஆள் இல்லாவிட்டால் மற்ற ரெண்டும் காகிதம்தான் என்பதை ஒன்டாரியோவே பட்டுத்தான் தெரிந்துகொண்டது.

அதுவரை அந்த வேலை உங்க தலையில்தான். சி பிளாக் அக்காகிட்ட கேளுங்க: 'உங்க பசங்களையும் சேர்த்து மொத்தம் எத்தனை பேர்? நீங்க குளிக்கப் போனா யார் பார்த்துப்பாங்க?' ஒருநாள் சொல்லாம மதியம் ரெண்டு மணிக்குப் போய் நில்லுங்க. உள்ளே விடலைன்னா, அடுத்த நாள் குழந்தையை அங்கே அனுப்பாதீங்க. குழந்தைக்கு ஏதோ நடக்குதுன்னு சந்தேகம் வந்தா 1098-க்குக் கூப்பிடுங்க.