வரைபட மென்பொருளை எப்போது மாற்றுவது?

வேலியும் வரம்பும் அழிந்த காணிக்கு வரைபடமே சாட்சி. 2006இல் சம்பூரை விட்டு இடம்பெயர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

பல அலுவலகங்கள் வரைபடம் தயாரிக்கும் ஆர்க்மேப் மென்பொருளுக்கு 2026 மார்ச் 1 வரை மட்டுமே ஆதரவு என எஸ்ரி நிறுவனம் அறிவித்தது. ஆகவே மாற்றம் அவசியமே. ஆனால் காணி விசாரணை நடக்கும் வேளையில் அது வேண்டாம் என்பதே எமது கருத்து.

காரணம் உண்டு. நாட்டின் நடுவிலுள்ள தொடக்கப் புள்ளியைப் பழைய ஆள்கூற்று முறை 200,000 மீற்றர் என்றும், 1999ஆம் ஆண்டு முறை 500,000 மீற்றர் என்றும் குறிக்கின்றன. இவ்விரண்டும் மாறிப்போனால் மூதூர் வயல் கடலுக்குள் போய்விடும்.

எனவே விசாரணை முடியட்டும். பழைய பிரதியைப் பத்திரப்படுத்துவோம். ஊரார் அறிந்த கிணறும் குளக்கட்டும் எல்லைக்கல்லும் புதிய திரையிலும் அதே இடத்தில் நிற்கின்றனவா என்று உங்களை அருகில் வைத்தே பார்ப்போம். அதன் பின்பே மாற்றுவோம்.