வலி நின்றால் நோய் போய்விட்டதா?

பதிவு கொஞ்சம் நீளம். சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

கணைய அழற்சியால் ஒரு வாரம் மருத்துவமனையில் கிடந்து, ‘பித்தப்பையில் கல் இருக்கிறது, எடுத்துவிட வேண்டும்’ என்று மருத்துவர் சொல்லி அனுப்பியவரிடம் நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? “அதான் சரியாயிடுச்சே, எதுக்கு ஆபரேஷன்?” சரியானது வலி. வலியைக் கொண்டுவந்த கல் உள்ளேயேதான் இருக்கிறது.

பழக்கதோஷம், பாடமாகவே சொல்கிறேன். பித்தக்குழாயும் கணையக்குழாயும் பெரும்பாலோருக்கு ஒன்றாகச் சேர்ந்து ஒரே வாசல் வழியாகச் சிறுகுடலில் திறக்கின்றன. பித்தப்பையிலிருந்து நழுவி வரும் கல் அந்த வாசலில் சிக்கினால், சோற்றைச் செரிக்க வேண்டிய நீர் கணையத்தையே அரிக்க ஆரம்பிக்கும். “சின்னக் கல்தான் சார்” என்கிறார்கள். சின்னக் கல்தானய்யா சுலபமாக நழுவும்!

2015இல் ‘லான்செட்’ இதழில் நெதர்லாந்து மருத்துவர்களின் ஆய்வு ஒன்று வந்தது. கல்லால் லேசான கணைய அழற்சி வந்தவர்கள். வீட்டுக்கு அனுப்பாமல் அப்போதே பித்தப்பையை எடுத்தவர்களில் 100க்கு 5 பேருக்குக் கல்லால் மறுபடி பெரிய தொல்லை. சுமார் ஒரு மாதம் தள்ளிச் செய்தவர்களில் 17 பேருக்கு. ஒரு மாதத்துக்கே இந்தக் கணக்கு. நாமோ ஆடி போகட்டும், பிள்ளை பரீட்சை முடியட்டும், கிரகப்பிரவேசம் ஆகட்டும் என்கிறோம். (நோய் கடுமையாகி நீர் கோத்திருந்தால் மருத்துவரே தள்ளிவைப்பார். அது வேறு.)

அடுத்தது குடும்பக் குழுவில் ஓடும் வாழைத்தண்டுச் சாறு. வாழைத்தண்டுப் பொரியல் எனக்கும் பிடிக்கும். ஆனால் அது சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லும் கைவைத்தியம். பித்தப்பைக் கல் வேறு இடம், வேறு பொருள். பெரும்பாலும் கொழுப்பு உறைந்தது. எண்ணெயைக் குறைப்பது நல்லதுதான், அதனால் இருக்கிற கல் மறையாது. “பித்தப்பை இல்லாமல் எப்படி வாழ்வது?” என்று ஓர் அத்தை கேட்டார். பித்தம் சுரப்பது கல்லீரல், அத்தை. பை வெறும் சேமிப்புத் தொட்டி.

குடியால் வந்தவர்களுக்கு ஒரே வரி: அளவாகக் குடிப்பது என்ற பேச்சே கிடையாது, சிகரெட்டும் கூடாது. “பீர்தானே மாப்ளே” என்று ஊற்றிக் கொடுக்கும் நண்பர்களில் என் மாணவர்கள் இருப்பதும் எனக்குத் தெரியும். கல்லும் இல்லை குடியும் இல்லை என்றால் டிரைகிளிசரைடு பாருங்கள். 1000ஐத் தாண்டினால் அதுவே கணையத்தைத் தாக்கும்.

இவ்வளவும் யாருக்காக என்று பலருக்குப் புரிந்திருக்கும். பெயர் வேண்டாம். வயது 40கூட ஆகவில்லை, இரண்டு சின்னப் பிள்ளைகள். வருகிற வியாழக்கிழமை அறுவைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். தள்ளிப்போடச் சொல்லி அவருக்குப் போன் செய்யும் பெரியவர்கள் தயவுசெய்து முதலில் எனக்குச் செய்யுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் அன்று பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு அழைத்துவர முடியுமா என்று கீழே எழுதுங்கள்.