21 கியருக்கு ஒரு மெக்கானிக் இல்லை

கியர் சைக்கிள் விற்கப் புதுக்கோட்டையில் கடைகளுக்குக் குறைவில்லை. கண்ணாடிக் கதவு, ஏசி, வரிசையாக மாட்டி வைத்த வண்டிகள், 21 கியர் என்று கொட்டை எழுத்தில் ஸ்டிக்கர். வாங்கிய சில மாதங்களில் செயின் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்ததும் அதே கடைக்குப் போய்ப் பாருங்கள். "சர்வீஸ் பண்றவரு திருச்சியிலேர்ந்து வரணும், வண்டிய விட்டுட்டுப் போங்க" என்பார்கள். எப்போது வருவார் என்றால் பதில் இருக்காது. வண்டியை விட்டுவிட்டு வந்தால் பள்ளிக்கூடம் போகிற பையன் எதில் போவான்? சரி என்று தெருமுனைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனால், பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கும் தம்பி நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அக்கா, இதுல நாம கை வைக்கிறதில்ல. வேணும்னா கியரைக் கழட்டிட்டு சிங்கிளாக்கித் தர்றேன்" என்கிறார். காசு கொடுத்து வாங்கிய கியரைக் கழற்றி எறியக் கூலியும் கொடுக்க வேண்டுமாம்.

அந்தத் தம்பி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பிளஸ் 1 பிள்ளைகளுக்கு அரசு தருகிற விலையில்லா மிதிவண்டி எதைக் கொண்டுபோனாலும், பேசிக்கொண்டே கோட்டம் எடுத்து, பிரேக் சரிபண்ணி அனுப்பிவிடுவார். கைத்திறனுக்கு ஒரு குறையும் இல்லை. கியரைப் பற்றி யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். தானாகக் கற்றுக்கொள்ளவும் வழியில்லை. அடுத்தவர் வண்டியில் கழற்றி மாட்டிப் பார்த்து, ஏதாவது உடைந்துபோனால் அன்றைய கூலி முழுக்க அதற்கே போய்விடும். என் வீட்டு வண்டியில் நான் எத்தனை முறை வேண்டுமானாலும் திருகிப் பார்க்கலாம். அவர் எந்த வண்டியில் பார்ப்பார்? விற்று லாபம் பார்க்கிறவர்கள் இந்த ஊர் மெக்கானிக்குகளைக் கூட்டி வைத்து ஒருநாள் பயிற்சி கொடுத்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

இத்தனைக்கும் இது சைக்கிளுக்குப் பேர்போன மாவட்டம். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது இங்கேதான். லேடீஸ் சைக்கிள் போதாமல், பார் வைத்த ஆண்கள் வண்டியிலேயே ஏறி அவர்கள் பழகினார்கள். அந்த நாளில் சைக்கிள் பழகியவள் நான். செயின் கழன்றால் ஓரமாக நிறுத்தி, ஒரு குச்சியால் தூக்கி மாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். சைக்கிள் என்றால் ஓட்டுகிறவர் கைக்கு அடங்குகிற வண்டி என்றுதான் எங்களுக்குத் தெரியும். அதை இன்று பூட்டுப்போட்ட பெட்டி மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார்களே என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

வேறு வழியில்லாமல் வீட்டு முற்றத்தில் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி நானே உட்கார்ந்தேன். வண்டியோடு தந்த புத்தகம் முழுக்க இங்கிலீஷ். அதையும் எழுத்துக்கூட்டிப் படித்தால், கியர் பற்றிய பக்கத்தில் "டீலரிடம் காட்டவும்" என்பதற்குமேல் உருப்படியாக ஒன்றும் இல்லை. தமிழில் ஒரு தாள் அச்சடிக்க எவ்வளவு செலவாகிவிடும்?

செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளுவது, பின்சக்கரத்தின் வலப்பக்கம் தொங்குகிற டிரெய்லியர். அதில் அருகருகே இரண்டு சின்னத் திருகு இருக்கும். பக்கத்தில் எச், எல் என்று பொடி எழுத்து. எச் திருகு, செயின் சின்னப் பல்சக்கரத்தைத் தாண்டி வெளியே விழாமல் தடுக்கும். எல் திருகு, பெரிய பல்சக்கரத்தைத் தாண்டி ஆரக்கம்பிக்குள் போய்ச் சிக்காமல் தடுக்கும். இந்த எல் திருகு லூஸாக இருந்தால் ஓடுகிற வேகத்தில் பின்சக்கரம் இறுகி நின்றுவிடும், பிள்ளை விழுந்துவிடுவான். இதைக்கூட விற்கிறபோது ஒருவரும் சொல்வதில்லை. இரண்டும் எல்லை கட்டும் திருகு மட்டும்தான். நடுவிலுள்ள கியர்கள் சரியாக விழுவது கேபிளின் இறுக்கத்தில் இருக்கிறது. கேபிள் வந்து சேரும் இடத்தில் விரலால் திருகுகிற ஒரு குமிழ் உண்டு. செயின் பெரிய சக்கரத்துக்கு ஏற மறுத்தால் கேபிள் தளர்ந்திருக்கிறது. குமிழை இடப்பக்கம் கால் சுற்று திருப்ப வேண்டும். சின்னதுக்கு இறங்க மறுத்தால் வலப்பக்கம். ஒரு கையால் பெடலைச் சுற்றிக்கொண்டே, கால் சுற்று திருப்பி, காதால் கேட்டு, மறுபடி கால் சுற்று. இதில் ராக்கெட் வித்தை எதுவும் இல்லை. பொறுமை இருந்தால் போதும்.

ஆனால் பொறுமைக்கும் மசியாத ஒன்று இருந்தது. முற்றத்தில் அழகாக விழுகிற கியர், தெருவில் மிதித்ததும் தாவும். திருத்தினால் ஒரு நாள் தாங்கும், மறுநாள் பழைய கதை. திருகெல்லாம் சரி, குமிழும் சரி. கடைசியில் கேபிள் ஓடும் கறுப்பு உறையை வெட்டிப் பார்த்தபோதுதான் புரிந்தது. முந்தைய பழுதில் கடைக்காரர்கள் மாற்றிக் கொடுத்தது பிரேக் கேபிளின் உறை. வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுதான். உள்ளே, பிரேக் உறை சுருள் கம்பியால் ஆனது. இழுத்தால் கொஞ்சம் அமுங்கும், பிரேக்குக்கு அதனால் கெடுதலில்லை. கியர் உறைக்குள் மெல்லிய கம்பிகள் நீளவாக்கில் ஓடும். அது அமுங்கக் கூடாது. 7 பல்சக்கரம் உள்ள வண்டியில் ஒரு கிளிக்குக்கு இழுபடும் கேபிள் சுமார் 3 மி.மீ. மட்டுமே. அதில் ஒரு மி.மீ. உறைக்குள்ளேயே அமுங்கித் தொலைந்தால் செயின் எந்தப் பல்லில் போய் நிற்கும்? 1980-களின் நடுவில் ஒரு கிளிக்குக்கு ஒரு கியர் என்ற முறையை ஷிமானோ நிறுவனம் கொண்டுவந்தபோதே, அதற்கென்று அமுங்காத உறையும் கூடவே வந்துவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் கியர் சைக்கிள் விற்கிற கடையில் அந்த உறை ஒரு மீட்டர்கூட இல்லை. திருச்சியிலிருந்து சொந்தக்காரர் மூலம் வரவழைத்து மாட்டினேன். அன்றோடு தாவல் நின்றது.

செயின் சத்தம் என்று போனால் "செட்டோட மாத்தணும்" என்பது இன்னொரு பல்லவி. பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்று போதும். செயினில் ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால், அதற்கு அடுத்ததிலிருந்து எண்ணி 24-வது பின் 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் செயினை மட்டும் மாற்றலாம். எட்டில் ஒரு பங்கு தாண்டினால்தான் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். அளந்து பார்க்காமலே ஆயிரக்கணக்கில் செலவு சொல்கிறவர்களை என்ன செய்வது?

எல்லாவற்றிலும் பெரிய கொடுமை ஹேங்கர். டிரெய்லியரைத் தாங்குகிற விரல் நீள அலுமினியத் துண்டு அது. வண்டி வலப்பக்கம் விழுந்தால் பிரேம் கெடாமல் தான் வளைந்துகொள்ள வேண்டும் என்றே மென்மையாகச் செய்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். பள்ளி ஸ்டாண்டில் ஒரு வண்டி சரிந்தால் வரிசையே சரிகிறது, ஹேங்கரும் வளைகிறது. பின்னாலிருந்து பார்த்தால் டிரெய்லியரின் இரண்டு குட்டிச் சக்கரங்களும் நேர்கோட்டில் இல்லாமல் ஆரக்கம்பிப் பக்கம் சாய்ந்திருக்கும். நடு கியரில் அமைதியாக ஓடி, ஓரத்து கியரில் மட்டும் அரைக்கும். ஒருமுறை மெதுவாக நிமிர்த்தலாம்; திரும்பத் திரும்ப நிமிர்த்தினால் முறிந்துபோகும். புதிது போடலாம் என்றால், வடிவங்கள் நூற்றுக்கணக்கில், ஒரு மாடலுடையது இன்னொன்றுக்குப் பொருந்தாது. விற்ற கடையில் கேட்டால், "அந்த மாடலே இப்ப வர்றதில்லக்கா." வளைவதற்கென்றே செய்த துண்டு வளைந்த பிறகு மாற்றக் கிடைக்காது என்றால், அதை எதற்காக அப்படிச் செய்தார்கள்?

பெரிய மேடு பள்ளம் இல்லாத ஊரில் பையன்களுக்கு 21 கியர் எதற்கு என்றும் கேட்கத்தான் வேண்டும். முன்னால் 3, பின்னால் 7, பெருக்கினால் 21. அதில் பல ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட ஒரே பலன் தருபவை. முன்னால் ஒன்று, பின்னால் 7 இருந்தால் தாராளமாகப் போதும். ஒரு டிரெய்லியரும் ஒரு கேபிளும் மிச்சம். ஸ்டிக்கரில் எண் சின்னதாகிவிடும் என்பதுதான் அவர்கள் கவலை.

பழுதுபார்க்கும் உரிமை என்று 2022-ல் மத்திய அரசு ஒரு குழு போட்டது. விவசாயக் கருவி, கைபேசி, வீட்டு உபயோகப் பொருள், மோட்டார் வாகனம் என்று நான்கைச் சொன்னார்கள். ஏழை வீட்டுப் பிள்ளையும் நடுத்தர வீட்டுப் பிள்ளையும் தினம் மிதிக்கிற சைக்கிள் அந்தப் பட்டியலில் இல்லை. 1949-லேயே அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை கண்ட மாநிலம் இது. இங்கிருந்தாவது யாராவது அதைக் கேட்க வேண்டாமா?

இப்போது எங்கள் தெருப் பிள்ளைகள் சனிக்கிழமையானால் வண்டியைத் தள்ளிக்கொண்டு என் வீட்டுக்கு வருகிறார்கள். தெருமுனைத் தம்பியும் ஓய்வு நாளில் வந்து உட்கார்ந்து கற்றுக்கொள்கிறார். குமிழ் திருப்புவதில் அவர் விரல் என்னுடையதைவிட வேகம். போன வாரம் ஏழாவது படிக்கிற பையன் ஒருவன் முறிந்த ஹேங்கரோடு வந்தான். அவனுக்குத் திருகு பற்றியும் கேபிள் பற்றியும் நாங்கள் இருவரும் என்ன சொல்லி என்ன, அந்தத் துண்டை வாங்க ஊரில் ஒரு கடை இல்லையே.