மஞ்சள் கார் நிற்கக் கூடாத ஊர்

இங்கிலாந்தின் பைபரி கிராமத்தில் ஒரு முதியவர் தன் வீட்டருகே மஞ்சள் நிறக் கார் ஒன்றை நிறுத்திவைத்து வந்தார். அது சுற்றுலாப் பயணிகளின் போட்டோவைக் கெடுக்கிறது என்று 2015-லேயே புகார் கிளம்பியது. 2017-ல் யாரோ அதன் கண்ணாடிகளை உடைத்து, உடம்பெல்லாம் கீறிவிட்டுப் போனார்கள். சில வாரங்களில் நாட்டின் பல மூலைகளிலிருந்து மஞ்சள் கார்கள் அணிவகுத்து வந்து அவருக்கு ஆதரவு தெரிவித்தன. அதுவும் போட்டோவாகத்தான் போனது.

எல்லோரும் படமெடுக்கத் துடிப்பது ஆர்லிங்டன் ரோ என்ற வரிசை வீடுகளை. தேன் நிறக் கல், செங்குத்தான கூரை, எதிரே தெளிந்த ஓடை. 1380 வாக்கில் கம்பளி வைக்கக் கட்டிய கிடங்கு இது. 17-ஆம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்பானது. எதிரேயுள்ள ஈரப் புல்வெளியில் மரச்சட்டம் நட்டு, அதில் துணியைக் காயப் போட்டார்கள். சுருங்கச் சொன்னால், கூலிக்காரர்களின் லைன் வீடு! ஆனாலும் இப்படிப்பட்ட வீடுகள் மீதான மோகம் புதிதல்ல. பக்கத்து ஊரான செட்வொர்த்திலிருந்து கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு ஒரு பழைய வீட்டையே கல் கல்லாகப் பெயர்த்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். இன்றைய பயணி அந்த அளவுக்குப் போவதில்லை என்பதில் ஊர்க்காரர்கள் நிம்மதியடையலாம்.

இப்படிச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வீட்டில் குடியிருப்பது லேசான காரியமல்ல. குளிர் தாங்காமல் பழைய ஜன்னலை மாற்ற நினைத்தால் உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். கேட்காமல் மாற்றினால் கிரிமினல் குற்றம். கல்லுக்கும் மரத்துக்கும் இவ்வளவு காவல். ஊர்க் கடைக்கோ பேருந்துக்கோ அப்படி ஒரு காவல் கிடையாது.

வில்ட்ஷயரில் உள்ள லேக்காக் வேறு வழியில் போன ஊர். மடில்டா டால்பட் 1944-ல் தன் குடும்பச் சொத்தான மடாலயத்தையும் கிராமத்தின் பெரும்பகுதியையும் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்புக்கு எழுதிக் கொடுத்தார். அவருடைய தாத்தா ஃபாக்ஸ் டால்பட் 1835-ல் அந்த மடாலய ஜன்னலைப் படம்பிடித்த சின்னஞ்சிறு நெகடிவ்தான் இன்று கைவசமுள்ளவற்றில் மிகப் பழையது. போட்டோத் தொல்லையின் பூர்வீகமே அங்கேதான் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அங்கும் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஹாரி பாட்டர், டவுன்டன் அபி என்று படப்பிடிப்புகளும் நடந்திருக்கின்றன. ஆனால் டிரஸ்ட்டின் வீடுகளில் வாடகைக்குக் குடும்பங்கள் வசிக்கின்றன. தொடக்கப் பள்ளி இருக்கிறது. அதில் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

பல அழகிய ஊர்களில் வீடுகள் வார இறுதிக்காரர்களின் கைக்குப் போய்விட்டன. 2025 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் உள்ளாட்சிகள் இரண்டாம் வீட்டுக்கு இரட்டிப்பு வரி போடலாம். போடட்டும். ஆனால் வசதியுள்ளவர் கட்டிவிட்டுப் போவார். வீடு அப்போதும் வெள்ளிக்கிழமை வரை பூட்டித்தான் கிடக்கும். அந்த வரிப் பணத்தில் ஊருக்கு இரண்டு, மூன்று வீடுகளையாவது வாங்கி, உள்ளூரில் வேலை பார்ப்பவர்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகைக்கு விடுவதுதான் உள்ளாட்சிகள் அடுத்துச் செய்ய வேண்டிய வேலை.