கியர் கத்தினால் கோளாறா?

திருப்பூர் காதர்பேட்டைச் சந்தில் பனியன் பண்டலை இறக்கிவிட்டு வேனை ரிவர்ஸ் எடுத்தால் 'ங்ஙீ' என்று ஒரு சத்தம். உடனே "கியர்பாக்சைக் கெடுத்துட்டியே!" என்று டிரைவர் மீது பாய்கிறார் முதலாளி.

இது நியாயமா? ரிவர்ஸ் கியரின் பற்கள் பெரும்பாலும் நேராக வெட்டப்பட்டவை, அதனால் கத்தும். முன்கியர்களின் பற்கள் சாய்வானவை. அதனால் சத்தம் குறைவு. குளிர்ந்த காலையில் ஆயில் கெட்டியாகி, கியர் சற்று முரண்டு பிடிக்கும். அதுவும் சகஜம்தான்!

ஆனால், கிளட்சை முழுக்க மிதித்தும் 'கரகர' என்றாலோ, ஓடும்போது கியர் தானாக நழுவினாலோ, ஆயில் ஒழுகினாலோ சும்மா விடக்கூடாது. அன்றைக்கே மெக்கானிக்கிடம் காட்டணும்.

சகஜமான சத்தத்துக்காக கியர்பாக்சைப் பிரித்தால் ஒருநாள் வாடகை போச்சு. கெட்ட சத்தத்தை அலட்சியப்படுத்தினால் கியர்பாக்சே போச்சு!

முதலாளிமாரே, முதலில் சத்தத்தைக் கேளுங்க. பிறகு டிரைவரைக் கோபிச்சுக்கலாம்!