சாக்ஸைக் கழற்றச் சொன்னீர்களா?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர், சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர். இரண்டாம் ஷிப்ட்டுக்கு முன்னால் டீக்கடை ஓரமாக நின்று வீடியோ காலில் வருவார். லாரி ஹாரனுக்கு நடுவே குளுக்கோமீட்டர் எண்ணைச் சொல்வார். மாத்திரை அட்டையைத் திருப்பிக் காட்டுவார். ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். நேரில் வந்தால் அரை நாள் சம்பளம் போய்விடும். தொலைமருத்துவத்தால் என்ன லாபம் என்று கேட்கும் சக மருத்துவர்களிடம் நான் முதலில் சொல்வது அந்த அரை நாள் சம்பளத்தைத்தான்.

மூன்று மாதம் கழித்து அவர் நேரில் வந்தார். சாக்ஸைக் கழற்றினால், பெருவிரலுக்குக் கீழே ஆழமான புண். வலியே இல்லை என்றார். நரம்பு மரத்த காலில் வலி எப்படி இருக்கும்? மூன்று வீடியோ காலிலும் அவர் காலை நான் பார்க்கவில்லை, காட்டச் சொல்லவும் இல்லை. செயலியைக் குறை சொல்லி என்ன பயன்? கேட்க வேண்டியவன் நான்.

தொலைமருத்துவ நெறிமுறைகள் 2020 மார்ச் 25-இல், ஊரடங்கின் முதல் நாளில் வெளிவந்தன. அடுத்த மாதமே அரசின் இ-சஞ்சீவனி தொலைமருத்துவ வெளிநோயாளர் சேவை தொடங்கியது. ஆரம்ப மாதங்களில் அதை அதிகம் பயன்படுத்தியது தமிழ்நாடு. நெறிமுறைகளை முழுதாகப் படித்தவர்கள் நம்மில் எத்தனை பேரோ! மருந்துச் சீட்டில் பதிவு எண் கட்டாயம். ‘போன தடவை எழுதின அதே தூக்க மாத்திரை, டாக்டர்’ என்று எத்தனை பழகிய குரல் கேட்டாலும் அல்பிரசோலம் எழுதக் கூடாது. வீடியோவில் பார்த்தால் போதுமா, நேரில் வரச் சொல்வதா என்று முடிவு செய்யும் பொறுப்பையும் அவை நம்மிடமே விட்டிருக்கின்றன. ஆவடியில் தனியாக இருக்கும் அப்பாவுக்காக வெளிநாட்டிலிருந்து மகன் வீடியோ காலில் சேர்ந்து, “வாயுப் பிடிப்புதான் டாக்டர்” என்பார். நெஞ்சுவலி என்றால் பேச்சை வளர்க்காமல் 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.

திரையில் தெரியாததைப் பார்க்க நோயாளியின் பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நூம்பலில் கண் மருத்துவமனை நடத்தும் அரவிந்த், சிற்றூர்களிலுள்ள தன் பார்வை மையங்களில் பல ஆண்டுகளாக இதைத்தான் செய்கிறது: அங்கே பயிற்சி பெற்ற பெண் ஸ்லிட் லேம்ப்பில் கண்ணைச் சோதிக்கிறார், தலைமை மருத்துவமனையிலிருந்து மருத்துவர் வீடியோவில் பேசுகிறார். நம் பக்கத்திலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு வீடாகப் போகிறார்கள். தன்னார்வலர் நோயாளியின் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து நாம் வீடியோ காலில் வந்தால், காலையும் பார்த்துவிடலாம். இதற்குப் புதிய செயலி எதுவும் தேவையில்லை.

வீடியோ காலில் நீங்கள் தவறவிட்ட ஒன்றை, நோயாளியின் அடையாளம் தெரியாதபடி எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து அவற்றுக்கென ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். முதல் பதிவாக இந்தக் கால் புண் இருக்கட்டும்.