மோசடியின் பெயரால் மறுக்கப்படும் இழப்பீடு

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களில் ஒருபுறம் பாதிக்கப்பட்டவரின் வழக்கறிஞர் நிற்கிறார். மறுபுறம் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் நிற்கிறார். நிறுவனத்தின் பட்டியலில் இடம்பெற்று இருபது, முப்பது ஆண்டுகள் வாதிடும் ஒருவரின் தொழில்வாழ்க்கையில் பெரும்பகுதி ஒரே கேள்வியைச் சுற்றியே அமைகிறது: இந்தக் கோரிக்கை உண்மையா, மோசடியா? அவர் யாருடைய பணத்தை, யாரிடமிருந்து காக்கிறார் என்பது தொழிலாளி வர்க்கம் எழுப்ப வேண்டிய கேள்வி.

மோசடி கற்பனையல்ல. உத்தரப்பிரதேசத்தில் பொய்யான விபத்துக் கோரிக்கைகள் பெருகியதைக் கண்ட அலகாபாத் உயர் நீதிமன்றம், 2015 அக்டோபரில் சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைக்க உத்தரவிட்டது. சந்தேகத்திற்குரிய 1,376 கோரிக்கைகள் அக்குழுவிடம் வந்து சேர்ந்தன. மோதிய வாகனம் எதுவெனத் தெரியாத விபத்தில், காப்பீடு உள்ள வேறொரு வாகனம் பின்னர் சேர்க்கப்படும். ஒரே விபத்துக்காகத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழும் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழும் தனித்தனியே மனுக்கள் தாக்கலாகும். இவற்றைச் சாதித்தவர்கள் விபத்தில் மகனை இழந்த கூலித் தொழிலாளர்கள் அல்லர். வழக்கறிஞர்கள், காவலர்கள், மருத்துவர்கள், காப்பீட்டு நிறுவன ஊழியர்கள் எனப் பலர் மீது குற்றச்சாட்டு எழுந்தது. உச்ச நீதிமன்றம் கண்டித்த பிறகே, 2021 இல் அம்மாநில வழக்கறிஞர் மன்றம் 28 வழக்கறிஞர்களை இடைநீக்கம் செய்தது.

இத்தகைய கூட்டுக் கொள்ளையை அம்பலப்படுத்தும் வழக்கறிஞர் மக்களின் பணத்தையே காக்கிறார். நேஷனல், நியூ இந்தியா, ஓரியண்டல், யுனைடெட் இந்தியா ஆகிய பொதுத்துறை நிறுவனங்களின் நிதி கோடிக்கணக்கானோர் செலுத்திய பிரீமியத் தொகை. சட்டமும் அவருக்குக் கருவிகளை வழங்கியுள்ளது. மனுதாரரும் வாகன உரிமையாளரும் கைகோத்திருந்தால், தீர்ப்பாயத்தின் அனுமதியோடு எல்லாக் காரணங்களையும் முன்வைத்து நிறுவனம் வாதிடலாம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 170 ஆவது பிரிவு. மோசடியால் பெறப்பட்ட தீர்ப்பைத் திரும்பப் பெறக் கோரலாம் என்று, யுனைடெட் இந்தியா நிறுவனம் தொடுத்த வழக்கில் 2000 இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

ஆனால் மோசடிக்காரர்களுக்கு எதிராகத் தீட்டப்பட்ட வாள் அப்பாவிகள் மீதும் பாய்கிறது. முதல் தகவல் அறிக்கை தாமதமானால் சந்தேகம். நேரில் கண்ட சாட்சி இல்லையென்றால் சந்தேகம். ஓட்டுநர் உரிமம் காலாவதியாகியிருந்தால் பொறுப்பு மறுப்பு. குடும்பமே மருத்துவமனை வாசலில் கிடக்கும்போது காவல் நிலையத்திற்கு ஓடுவது யார்? மாநிலம் விட்டு மாநிலம் சென்று நெடுஞ்சாலையில் அடிபட்டு இறந்த புலம்பெயர் தொழிலாளிக்குச் சாட்சி சொல்ல வருவது யார்? அரசின் கணக்குப்படியே 2022 இல் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களில் பெரும்பான்மையினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்களும் பாதசாரிகளும்தான்.

உச்ச நீதிமன்றம் இதனை உணராமல் இல்லை. உரிமத்தில் குறை என்று கூறும் நிறுவனமே அதனை நிரூபிக்க வேண்டும், தேவையெனில் பாதிக்கப்பட்டவருக்கு முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு வாகன உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்பது 2004 ஆம் ஆண்டின் ஸ்வரன் சிங் வழக்குத் தீர்ப்பு. குற்றவியல் வழக்கில் கோரப்படும் அளவுக்கு இழப்பீட்டு வழக்கில் சான்று கோரலாகாது என்று 2009 இல் பிம்லா தேவி வழக்கில் அது கூறியது. சந்தேகம் சான்றாகாது என்பதே இவற்றின் சாரம்.

நாடாளுமன்றமோ எதிர்த்திசையில் நடந்தது. இழப்பீட்டு மனுவுக்கு 1994 இல் நீக்கப்பட்ட காலவரம்பை 2019 ஆம் ஆண்டுத் திருத்தம் மீண்டும் கொண்டுவந்தது. அதன்படி, விபத்து நடந்து ஆறு மாதங்களுக்குள் மனு செய்தாக வேண்டும். மோசடிக் கும்பலின் காகிதங்கள் எப்போதும் உரிய நாளில் தயாராக இருக்கும். எழுத்தறியாத விதவையின் காகிதங்களே தாமதமாகும். இத்தகைய காலவரம்பு தண்டிப்பது யாரை என்பதை விளக்க வேண்டியதில்லை.

மருத்துவக் காப்பீட்டிலும் இதே நிலைதான். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் அறிக்கைப்படி, 2023-24 இல் அனுமதிக்கப்படாத கோரிக்கைகளின் மதிப்பு சுமார் 15,100 கோடி ரூபாய். இவையெல்லாம் மோசடி அல்ல. பொடி எழுத்தில் அச்சிடப்பட்ட ஒப்பந்த விதிகளைக் காட்டி மறுக்கப்பட்டவையும் இவற்றில் அடங்கும்.

காப்பீட்டுத் துறையின் மாபெரும் மோசடிகளைச் செய்தவர்கள் பாலிசிதாரர்கள் அல்லர் என்பதை வரலாறு சொல்கிறது. பாரத் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் நிதியை டால்மியா சூறையாடியதை 1955 டிசம்பரில் மக்களவையில் அம்பலப்படுத்தியவர் ஃபெரோஸ் காந்தி. அடுத்த மாதமே ஆயுள் காப்பீடு அரசின் கைக்கு வந்தது; 245 நிறுவனங்களும் சங்கங்களும் ஒன்றிணைந்து எல்.ஐ.சி. உருவாயிற்று. இன்றோ அந்தப் பாடம் மறக்கப்பட்டு, காப்பீட்டில் அந்நிய முதலீட்டு வரம்பை 74 சதவீதத்திலிருந்து 100 சதவீதமாக உயர்த்தும் அறிவிப்பு 2025 ஆம் ஆண்டு பட்ஜெட்டில் வெளியானது. லாபமே குறிக்கோளான நிறுவனத்திற்கு, கொடுக்காமல் தவிர்த்த ஒவ்வொரு ரூபாயும் வருமானமே. அதன் வழக்கறிஞர் உண்மைக் கோரிக்கையைத் தோற்கடித்தாலும் பொய்க் கோரிக்கையைத் தோற்கடித்தாலும் அதன் கணக்கேட்டில் இரண்டும் ஒன்றுதான்.

மக்களுக்கு அவ்விரண்டும் ஒன்றல்ல. மோசடிக் கும்பல்களும் அவற்றுக்குத் துணைபோகும் அதிகாரிகளும் தண்டிக்கப்பட வேண்டும். மோசடி எனக் குற்றஞ்சாட்டும் நிறுவனம் குறித்த காலத்திற்குள் அதை நிரூபிக்க வேண்டும். தவறினால் வட்டியோடு செலவுத் தொகையும் செலுத்த வேண்டும். ஆறு மாத வரம்பு நீக்கப்பட வேண்டும். பொதுத்துறை காப்பீடு வலுப்படுத்தப்பட வேண்டும். தொழிற்சங்கங்களும் ஜனநாயக வழக்கறிஞர் அமைப்புகளும் இக்கோரிக்கைகளைத் தீர்ப்பாயங்களின் வாசலில் அல்லாடும் குடும்பங்களிடம் எடுத்துச் சென்று, அவர்களோடு இணைந்து போராட வேண்டும்.